கடைக்கோடிக் குழாயில் தொடங்கும் பயிற்சி: ஊராட்சிக் குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

ஊராட்சியில் தொட்டி இயக்குபவராகப் புதிதாக ஒருவர் சேர்ந்தால், பெரும்பாலும் முதல் நாளே மோட்டார் அறைச் சாவியும் வால்வு திருகும் சாவியும் அவர் கைக்கு வந்துவிடும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று பழைய ஆள் ஒரு சுற்று நடந்து காட்டுவார். பிளீச்சிங் பவுடரை "ரெண்டு கை அள்ளிப் போடு" என்பார். பல ஊர்களில் பயிற்சி இவ்வளவுதான். ஐந்நூறு பேர் குடிக்கும் தண்ணீரைப் பொறுப்பேற்கும் வேலைக்கு இது போதாது.

இந்த வழிகாட்டி பயிற்சியைத் தலைகீழாகத் தொடங்குகிறது. வழக்கமாக ஆழ்துளைக் கிணறு, மோட்டார், தொட்டி, குழாய் என்று நீர் வரும் வழியே பாடம் போகும். இங்கே கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறோம். மேலே தொட்டியில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். கடைக்கோடியில் குடம் பிடிப்பவருக்கு நல்ல தண்ணீர் போகிறதா என்பதே முழுக் கேள்வி. அந்தக் குழாயில் தினமும் எடுக்கும் ஓர் அளவு, மேலே எங்கே கோளாறு என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

கணக்குகளுக்கு ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம். மக்கள் தொகை 550. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஆக, தேவை 30,250 லிட்டர். தொட்டி 30,000 லிட்டர் கொள்ளளவு கொண்டது. உள் விட்டம் 4 மீட்டர், நீர் நிற்கும் உயரம் 2.4 மீட்டர். உங்கள் தொட்டியின் அளவை நீங்களே நாடாவால் அளந்து பாருங்கள். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். இதே கணக்கில் இன்னொன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இந்தத் தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 125 லிட்டர் போயிருக்கிறது. கசிவு பார்க்கும்போது இது கை கொடுக்கும்.

முதல் மூன்று நாள்: எஞ்சிய குளோரின்

தண்ணீரில் போடும் குளோரினில் ஒரு பகுதி கிருமிகளையும் அழுக்கையும் இரும்பையும் எதிர்கொண்டு செலவாகிவிடும். செலவானது போக மிஞ்சி நிற்பதுதான் எஞ்சிய குளோரின். குழாயில் போகும் வழியில் ஏதாவது கலந்தால் அதைத் தடுக்க இருக்கும் காவல் அதுதான். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இன்படி, பயனாளியின் குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை பரவும் காலத்தில் 0.5 மி.கி.க்குக் குறையாமல் வைத்திருங்கள். 1 மி.கி.க்கு மேல் போனால் வாடைக்காகவே மக்கள் அந்தத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, பாதுகாப்பு தெரியாத வேறு தண்ணீரைத் தேடிப் போவார்கள்.

அளக்கக் குளோரோஸ்கோப் என்னும் சிறு நிறச்சோதனைப் பெட்டி போதும். கண்ணாடிக் குழலை அதே குழாய்த் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கோடு வரை நிரப்பி, பெட்டியில் சொன்ன சொட்டுகளை விட்டு மூடிக் கலக்குங்கள். ஆர்த்தோடோலிடின் கரைசல் என்றால் மஞ்சள் நிறம் வரும். சில விநாடிகளுக்குள் வண்ண அட்டையோடு ஒப்பிட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் கூடியிருக்கும். அது வேறு பொருள்களோடு பிணைந்துவிட்ட வலுக்குறைந்த குளோரினையும் சேர்த்துக் காட்டும் அளவு. இல்லாத காவலை இருப்பதாகக் கணக்கில் எழுதும் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும், அளவும் நம்பகமானது. ஆர்த்தோடோலிடின் நச்சுப்பொருள். சோதித்த தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டுக் கை கழுவுங்கள். குடத்திலோ தொட்டியிலோ ஊற்றக் கூடாது.

நிழலில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நிறம் பாருங்கள். நேர் வெயிலிலும் மாலை மங்கலிலும் கண் ஏமாற்றும்.

கடைக்கோடியில் இரண்டு முறை அளக்க வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. தண்ணீர் வரத் தொடங்கியதும் முதல் குடத்தில் ஒன்று. பத்து நிமிடம் ஓடிய பிறகு ஒன்று. பத்து நிமிடத்துக்குப் பிந்தைய அளவு நன்றாக இருந்து முதல் குடத்தில் சுழியம் காட்டினால், முந்தைய முறைக்கும் இதற்கும் இடையில் குழாய் காலியாகக் கிடந்தபோது வெளித்தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம். பத்து நிமிடம் கழித்து மட்டும் அளப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

முதல் மூன்று நாளும் வேறு எதையும் தொடாமல், தொட்டிக்கு அடியிலுள்ள குழாயிலும் ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாயிலும் அளந்து எழுதுங்கள். அந்த எண்களை வாசிக்கும் விதம் இது. தொட்டியடியிலும் கடைக்கோடியிலும் சுழியம் என்றால் பவுடர் போதவில்லை அல்லது பவுடரே செத்துப்போயிருக்கிறது. தொட்டியடியில் 0.8 இருந்து எல்லாத் தெருவிலும் சுழியம் என்றால் பிரதானக் குழாயில் படிவு அல்லது உடைப்பு. ஒரு தெருவில் மட்டும் சுழியம் என்றால் அந்தத் தெருவுக்குள் தேடுங்கள். ஒரே அளவு போட்டும் எல்லா இடத்திலும் வாரா வாரம் அளவு இறங்கிக்கொண்டே வந்தால் மூட்டையைச் சந்தேகியுங்கள்.

பிளீச்சிங் பவுடர்: கையளவு வேண்டாம், கிராம் கணக்கு வேண்டும்

புதிதாகத் தயாரான பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். ஊராட்சிக் கிடங்கு வந்து, வெயிலும் ஈரமும் பட்டு, நம் கைக்கு வரும்போது 25 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. அந்தக் கணக்கில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் சேரும். தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் '1,000 லிட்டருக்கு 4 கிராம்' என்ற கணக்கின் பொருள் இதுதான். 30,000 லிட்டருக்கு 120 கிராம்.

ஆனால் அது தொடக்கப் புள்ளி. உங்கள் தண்ணீர் எவ்வளவு குளோரினை விழுங்கும் என்பது உங்கள் கிணற்றைப் பொறுத்தது. இரும்பு மிகுந்த ஆழ்துளைக் கிணறு (போர்) ஒன்றும் தெளிந்த போர் ஒன்றும் ஒரே அளவைக் கேட்காது. அதைக் கண்டுபிடிக்க வாளிச் சோதனை செய்யுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் பவுடரைக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை அரைமணி நேரம் விடுங்கள். மேலே தெளிந்த நீர்தான் வேண்டும். நான்கு பிளாஸ்டிக் வாளிகளில், குளோரின் போடாத போர்த் தண்ணீரை 20 லிட்டர் வீதம் நிரப்புங்கள். ஊசி நீக்கிய மருந்துப் பீச்சுக்குழலால் தெளிந்த கரைசலை முதல் வாளிக்கு 2 மி.லி., அடுத்ததற்கு 3, அடுத்ததற்கு 4, கடைசிக்கு 6 என்று விடுங்கள். கலக்கி மூடி, 30 நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் எஞ்சிய குளோரின் பாருங்கள். 0.5 மி.கி. அல்லது சற்று மேலே காட்டும் வாளிதான் உங்கள் அளவு.

இந்தச் சோதனையின் நயம் ஒன்று உண்டு. பவுடரின் வீரியம் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் விடை சரியாகவே வரும், ஏனெனில் தொட்டியில் போடப்போகும் அதே பவுடரால்தான் சோதிக்கிறோம். 2 மி.லி. என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 3 என்றால் 6. 4 என்றால் 8. 6 என்றால் 12 கிராம். நான்கு மி.லி. வாளி தேறினால் 30,000 லிட்டருக்கு 240 கிராம். புதிய மூட்டை பிரிக்கும்போதும், மழைக்காலம் தொடங்கும்போதும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

எடை போடச் சமையல் தராசு வாங்குங்கள். முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் 240 கிராம் எங்கே வருகிறது என்று கடையில் எடை பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அன்றாடம் போடும் முறை: பிளாஸ்டிக் வாளியில் பவுடரை இட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரையுங்கள். இரும்பு, அலுமினிய வாளி அரித்துப்போகும். பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிடுங்கள். தொட்டியின் வெளிப்போக்கு வால்வை மூடி, மோட்டார் ஓடித் தொட்டி கால் பங்கு நிரம்பியதும் தெளிந்த நீரை, தண்ணீர் விழும் இடத்துக்கு அருகில் ஊற்றுங்கள். விழும் வேகமே கலக்கிவிடும். தொட்டி நிரம்பிய பிறகு மேலே ஊற்றினால் சரியாகக் கலக்காது. ஒரு தெருவுக்கு வாடையோடும் இன்னொரு தெருவுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். அடியில் தங்கிய சுண்ணாம்பைத் தொட்டிக்குள் கொட்டாதீர்கள். அது படிந்து வால்வுகளில் ஏறும். நிரம்பியபின் அரைமணி நேரம் காத்திருந்து திறங்கள். கார அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-ஐ நெருங்கும் தண்ணீரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். அங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பாதித் தொட்டி தண்ணீர் ஏற்கெனவே இருந்து, மீதியை மட்டும் ஏற்றினீர்கள் என்றால் ஏற்றிய அளவுக்கு மட்டுமே கணக்கு. இதை மறந்து முழு அளவு போடுவது வாடைப் புகாருக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் நேர் எதிரானது. அழுக்குக் கலந்த தண்ணீரில் குளோரின் போதாமல் போனால், பிணைந்த குளோரின் கூர்மையான மருந்து வாடை கொடுக்கும். வாடை என்று யாராவது சொன்னதும் பவுடரைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். முதலில் அந்த வீட்டுக் குழாயில் அளந்து பாருங்கள்.

மூட்டையை மோட்டார் அறையில் வைக்கவே கூடாது. அதிலிருந்து கசியும் வாயு ஸ்டார்ட்டரின் செம்புத் தொடுமுனைகளை அரித்துவிடும். காற்றுப்போகும் வேறு அறையில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பிரித்த மூட்டையை இறுக்க மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டுங்கள். டீசல், எண்ணெய், பெயிண்ட் அருகில் வேண்டாம். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வெளிவந்து மூச்சை அடைக்கும். கரைக்கும்போது கையுறை, முகக்கவசம், கண்ணாடி அணிந்து, காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி நில்லுங்கள்.

தொட்டி கழுவுதல்

மாதம் இருமுறை கழுவ வேண்டும். இதில் கழுவுவதைவிட உள்ளே இறங்குவதுதான் ஆபத்தான பகுதி; அதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முந்தைய நாளே மக்களுக்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் வெளிப்போக்கு வால்வை மூடுங்கள். மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றி, அதை இறங்குபவரின் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்; கீழே யாரும் தவறி மோட்டார் போட முடியாது. எல்லா மேன்ஹோல் மூடிகளையும் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். மூடிக்கிடந்த தொட்டியில், அதிலும் தரைமட்ட சம்ப்பில், பிராணவாயு குறைந்திருக்கலாம். காற்றில் அது 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. வாயு அளவுமானி ஒன்றை ஒன்றியத்திலாவது வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது நச்சு வாயுவைக் காட்டாது. ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே நிற்க வேண்டும், இடுப்புப் பட்டையும் கயிறும் வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே இருப்பவர் குதிக்கக் கூடாது. கயிற்றால் இழுக்க வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது இப்படிப்பட்ட விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. புகை கக்கும் பெட்ரோல் எஞ்சின் பம்ப்பை உள்ளே இறக்குவது அறவே கூடாது.

வயிற்றுப்போக்கோ ஆறாத புண்ணோ இருப்பவர் அன்று இறங்க வேண்டாம். கால்களைக் கழுவி, தொட்டிக்கென்றே வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்குங்கள். சுவரை மேலிருந்து கீழாக நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு தரை. கம்பி பிரஷ் சிமெண்ட் பூச்சைக் கீறிவிடும். அந்தக் கீறலில் பாசி நிலைத்துக்கொள்ளும். சோப்பு, அமிலம் எதுவும் வேண்டாம்.

சேற்று நீரை அடியிலுள்ள ஸ்கவர் வால்வு வழியாக மட்டும் வெளியேற்றுங்கள். ஊருக்குப் போகும் வெளிப்போக்குக் குழாயின் வாய் தரையைவிடச் சற்று உயரமாக வைக்கப்பட்டிருப்பதே, வண்டல் அதில் ஏறக் கூடாது என்பதற்குத்தான். ஸ்கவர் வால்வு இறுகிப்போய்விட்டது என்று வெளிப்போக்கு வழியே விட்டால் அத்தனை சேறும் வீடுகளுக்குப் போகும். இறுகிய ஸ்கவர் வால்வை மாற்றும்வரை ஊராட்சிச் செயலாளரை விடாதீர்கள்.

அடுத்து கிருமிநீக்கம். 10 லிட்டர் வாளிக்கு 8 கிராம் பவுடர் என்று கரைத்தால் லிட்டருக்கு 200 மி.கி. குளோரின் உள்ள கரைசல் வரும். நம் 30,000 லிட்டர் தொட்டியில் சுவரும் தரையும் சேர்த்து 43 சதுர மீட்டருக்குக் குறையாது. மூன்று வாளி தயாராக வையுங்கள். சுவர், தரை எங்கும் ஈரமாகப் பூசிவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே வாடை ஏறும். அரைமணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் அலசி, அதையும் ஸ்கவர் வழியே விட்டு, தொட்டியை நிரப்பி வழக்கமான அளவு குளோரின் போட்டு, அளந்து பார்த்துத் திறங்கள். கழுவிய தேதியையும் அடுத்த தேதியையும் தொட்டியின் தூணில் எழுதுங்கள்.

மேலே ஏறியபோதே வழிந்தோடும் குழாயின் வாய்வலை, காற்றுக் குழாயின் வலை, மேன்ஹோல் மூடி மூன்றையும் பாருங்கள். வலை கிழிந்தால் பறவையும் எலியும் வரும். டெங்கு கொசு முட்டையிடும்.

குழாய்: தண்ணீர் இல்லாத நேரம்தான் ஆபத்து

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று முறை வைத்து விடும் ஊரில், மீதி இருபத்திரண்டு மணி நேரம் குழாய் அழுத்தமின்றிக் கிடக்கிறது. வால்வை மூடியதும் தாழ்ந்த பகுதியில் இருப்பவர்கள் மிச்ச நீரைப் பிடிக்கப் பிடிக்க, மேட்டுப் பகுதிக் குழாயில் வெற்றிடம் உண்டாகி உறிஞ்சும். அங்கே ஒரு பொத்தல் இருந்து, பக்கத்தில் சாக்கடை தேங்கியிருந்தால், அது உள்ளே போகும். அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்போது வெளியே கசிந்த அதே பொத்தல்தான்.

எனவே புதிய ஆள் தெருத்தெருவாக நடந்து வரைபடம் போட வேண்டும். பிரதானக் குழாய் எங்கே போகிறது, வால்வுகள் எங்கே, குழாய் எங்கே சாக்கடையைத் தாண்டுகிறது, எந்த வீட்டில் குழிதோண்டிக் குழாயை இறக்கியிருக்கிறார்கள், எங்கே மோட்டார் நேரடியாகப் பொருத்தியிருக்கிறார்கள். இந்தக் குழிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைந்த தெருவில் ஒரு முழம் கீழே இறக்கினால் தண்ணீர் வரும் என்று மக்கள் தோண்டுகிறார்கள். மழை பெய்தால் குழி நிரம்பி, திறந்த குழாய் வாய் அதில் மூழ்கிவிடுகிறது. வால்வை மூடியதும் குழித்தண்ணீர் முழுவதும் ஊர்க் குழாய்க்குள் போகிறது. அந்த வீட்டாரைத் திட்டிப் பயனில்லை. அந்தத் தெருவுக்கு அழுத்தம் கிடைக்க வழிசெய்தால் குழி தானாக மூடப்படும்.

அழுத்தக் கணக்கு எளிது: 10 மீட்டர் உயர நீர் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தரும். குழாயின் உராய்வில் போனது போக, கடைசி வீட்டில் 7 மீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது ஒற்றைத் தளக் கட்டடங்களுக்கு வடிவமைப்பாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. தொட்டியருகே இருக்கும் தெரு முழுத் திறப்பில் ஓடினால் கடைக்கோடிக்கு ஒன்றும் மிஞ்சாது. அருகிலுள்ள தெருவின் வால்வைக் குறைத்துத் திறங்கள், தொலைத் தெருவை முழுதாகத் திறங்கள். ஒவ்வொரு வால்வும் முழுதாகத் திறக்க எத்தனை சுற்று என்று எண்ணி, எத்தனை சுற்றில் இரு தெருவுக்கும் சமமாகப் போகிறது என்பதை எழுதிவைத்தால் நீங்கள் விடுப்பில் போனாலும் மாற்று ஆள் அதையே செய்வார்.

வால்வை எப்போதும் மெதுவாகத் திருப்புங்கள். சடாரென்று மூடினால் ஓடிவரும் தண்ணீர் மோதி, குழாய் இணைப்புகளைப் பிளக்கும். மேட்டில் இருக்கும் ஏர் வால்வு அடைத்திருந்தால் காற்று சிக்கி, திறந்து வெகுநேரமாகியும் தண்ணீர் வராது. இதைப் பம்ப் கோளாறு என்று நினைத்து மோட்டாரை மேலே தூக்கியவர்கள் உண்டு.

கசிவு பார்க்க ஓர் இரவு ஒதுக்குங்கள். தொட்டியை நிரப்பி வெளிப்போக்கை மூடி, நீர்மட்டத்தைக் குறித்து, நான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் தொட்டியோ வால்வோ கசிகிறது. இறங்கவில்லையென்றால், மறுநாள் இரவு வீட்டுக் குழாய்களை மூடச்சொல்லி, வெளிப்போக்கைத் திறந்து, குழாய் நிறைந்தபின் அதேபோல் அளவெடுங்கள். நான்கு மணி நேரத்தில் 8 செ.மீ. இறங்கினால் 1,000 லிட்டர். மணிக்கு 250 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. தெரு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும்.

உடைப்பைச் சரிசெய்யும்போது நடக்கும் பெரிய தவறு, தண்ணீரை முழுதாக நிறுத்திவிட்டுத் தோண்டுவது. நிறுத்தியதும் குழிச் சேறு குழாய்க்குள் போகும். வால்வைக் கொஞ்சம் திறந்து, மெல்லிய கசிவு வெளியே வந்துகொண்டிருக்கும்படி வைத்துத் தோண்டுங்கள். குழாயின் அடிக்கும் கீழே ஒரு சாண் ஆழம் வரை தோண்டி, நீரை இறைத்த பிறகே முழுதாக மூடுங்கள். பி.வி.சி. குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, துடைத்துக் காயவைத்து, சொல்யூஷன் தடவிச் செருகி, அது பிடிக்கும்வரை அசைக்காமல் இருங்கள். ஈரக் குழாயில் தடவிய சொல்யூஷன் ஒரு வாரம்கூடத் தாங்காது. செருகும் துண்டையும் இணைப்பையும் முதலில் 200 மி.கி. குளோரின் கரைசலால் உள்ளே துடைத்தெடுங்கள். குழாயைச் சுற்றிக் கல்லில்லாத மணல் போட்டு மூடுங்கள். பிறகு கடைசிக் குழாயைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை விட்டு, குளோரின் 0.2 காட்டிய பிறகே தெருவுக்கு விடுங்கள். புதிதாகக் குழாய் போட்டால் சாக்கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குறுக்கே தாண்ட நேர்ந்தால் குடிநீர்க் குழாய் மேலே போக வேண்டும்.

மோட்டார்: ஆம்பியரைப் பாருங்கள்

நம் ஊரில் 30,000 லிட்டரை 3 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர், விநாடிக்கு 2.78 லிட்டர். போரில் நீர்மட்டம் 40 மீட்டர் ஆழம், தொட்டி 15 மீட்டர் உயரம், குழாய் உராய்வுக்கு 5 மீட்டர், மொத்தம் 60. 2.78-ஐ 60-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 2.2 குதிரைத்திறன். சிறிய சப்மெர்சிபிள் பம்ப்பின் செயல்திறனை 45 சதவீதம் என்று வைத்தால் 5 எச்.பி. மோட்டார் வேண்டும். சரியாக ஏற்றுகிறதா என்று பார்க்க, 200 லிட்டர் டிரம் 72 விநாடியில் நிரம்ப வேண்டும். மாதம் ஒருமுறை இந்த அளவெடுத்து எழுதுங்கள்.

மூன்று பேஸ் வோல்டேஜையும் ஆம்பியரையும் தினமும் குறியுங்கள். பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரைவிடக் கூடினால் வோல்டேஜ் குறைவு, மணல் சிக்கியது, பேரிங் தேய்ந்தது மூன்றில் ஒன்று. வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்தால் போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமையாக ஓடுகிறது. உடனே நிறுத்துங்கள், ஏனெனில் சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். ஒரு பேஸ் போனால் நிறுத்தும் கருவியும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் கருவியும் ஸ்டார்ட்டரில் வேலை செய்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். அவற்றை நேரடி இணைப்புக் கொடுத்து ஓரங்கட்டியிருந்தால் அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள்.

மின்சாரம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலே விழுந்தால் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தாதீர்கள். நிறுத்திய மோட்டாரைக் குறைந்தது ஐந்து நிமிடம் கழித்தே போடுங்கள். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்காத போரில் மேலிருந்து இறங்கும் தண்ணீர் பம்ப்பைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும், அப்போது போட்டால் தண்டு முறியும். மின்கம்ப வேலைக்குப் பிறகு தண்ணீர் குறைவாக வந்தால் பேஸ் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றலாம். எலக்ட்ரீஷியன் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகும்.

மீட்டர் யூனிட்டையும் பாருங்கள். நம் மோட்டார் 3 மணி நேரத்துக்குச் சுமார் 14 யூனிட், அதாவது 1,000 லிட்டருக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இது மாதா மாதம் ஏறினால் பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்கிறது, அல்லது போர்க் குழாயிலேயே பொத்தல் விழுந்து ஏற்றிய தண்ணீர் திரும்பக் கிணற்றிலேயே விழுகிறது.

குளோரினால் தீராதவை

கிருமியைத்தான் குளோரின் கொல்லும். ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு எதையும் அது நீக்காது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி அது இன்னும் அடர்த்தியாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தச் சிக்கலுக்காகவே ஆழ்துளைக் கிணறுகளுக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. நைட்ரேட்டுக்கு 45 மி.கி. எல்லை, அதற்கு மேல் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கழிப்பறைக் குழியும் உரமிட்ட வயலும் போருக்கு அருகில் இருந்தால் இதை முதலில் சோதியுங்கள்.

டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி "தண்ணீர் சுத்தம்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது கரைந்த உப்பின் அளவை மட்டும் காட்டும். 200 காட்டும் தண்ணீரில் காலரா இருக்கலாம். 900 காட்டும் தண்ணீர் கிருமியின்றி இருக்கலாம்.

ஊரில் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தருவது ஜல் ஜீவன் திட்டத்தின் ஓர் அங்கம். அவர்களை உங்கள் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்கோடித் தெருவில் யாருக்கு எப்போது தண்ணீர் கலங்கி வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். உள்ளே இருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்காக வைத்தது, அலசிவிடக் கூடாது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

பதிவேடும் தேர்வும்

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், வோல்டேஜ், ஆம்பியர், மீட்டர் எண், போட்ட பவுடர் கிராமில், தொட்டியடி குளோரின், கடைக்கோடி முதல் குடம், பத்து நிமிடத்துக்குப் பிறகு, புகார். அளக்காத நாளில் நேற்றைய எண்ணை எழுதாதீர்கள். கோடு போட்டு விட்டுவிடுங்கள். பொய் எண்கள் நிறைந்த பதிவேட்டால், ஊரில் வாந்தி பேதி வரும் நாளில் எங்கே தேடுவது என்றே தெரியாமல் போகும்.

பயிற்சி பெற்றவரிடம் முழுப் பொறுப்பை ஒப்படைக்கும் முன் நான்கு வேலைகளை அவர் தனியாகச் செய்து காட்ட வேண்டும்: வாளிச் சோதனை செய்து பவுடர் அளவைச் சொல்வது, பாதுகாப்பு முறை ஒன்றும் தவறாமல் தொட்டி கழுவுவது, ஒரு பி.வி.சி. உடைப்பை ஒட்டிக் குளோரின் அளந்து திறப்பது, இரவுக் கசிவுச் சோதனையின் கணக்கைப் போட்டுக் காட்டுவது. பிறகு ஏழு நாள் அவரே தண்ணீர் விடட்டும். பழைய ஆள் உடன் போகாமல் மாலையில் பதிவேட்டை மட்டும் பார்க்கட்டும். ஏழு நாளும் எல்லாத் தெருக்களின் கடைக்கோடியிலும் முதல் குடத்திலேயே 0.2-க்குக் குறையாமல் வந்தால் சாவியைக் கொடுக்கலாம். ஒரு நாள் குறைந்தாலும், ஏன் குறைந்தது என்று அவரே கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு ஏழு நாளை முதலிலிருந்து எண்ணுங்கள்.